கமா முசேயும் சிவப்புத் தொப்பியும்

முப்பத்தாறு வருடம் தினமும் எழுதி, அதில் ஒரு வாக்கியம்கூடத் தன்னுடையதாக இல்லாமல் பார்த்துக்கொண்ட மனிதர் இந்தப் புதுச்சேரியில் ஒரே ஒருவர்தான். அவர் கமா முசே. முசே என்றால் எங்கள் ஊரில் ஐயா, மதாம் என்றால் அம்மா. அவர் மதாமுக்குக் கொடுத்த காதல் கடிதமே நண்பர் ஒருவர் யாருக்கோ எழுதியதன் நகல் என்று ஒரு பேச்சு உண்டு. மதாமிடமே கேட்டேன்.

"ஆமா தம்பி. ஒரு எழுத்து விடாம எழுதி, அடியில அந்தாளு பேரையும் சேத்து எழுதிட்டாரு. நல்லவேளை, நான் இவரத்தான் கட்டிக்கிட்டேன்" என்றார் மதாம்.

குற்றம் அவருடையதல்ல, உத்தியோகத்துடையது. பத்திரம் பதிகிற ஒரு நொத்தேர் அலுவலகத்தில் அவர் நகல் எழுத்தர். பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே இன்னொன்று எழுத வேண்டும். ஒரு கமா விட்டுப்போனாலும் மறுபடி முதலிலிருந்து எழுதுவார். பெயர் அப்படி வந்தது. ஒவ்வொரு நகலின் அடியிலும் இரண்டு வரி இருக்கும். 'மூலம் எழுதியவர்' என்று ஒன்று, 'ஒப்பிட்டுச் சரிபார்த்தவர்' என்று ஒன்று. இரண்டாவது வரியில்தான் முப்பத்தாறு வருடமும் அவர் பெயர் இருந்தது. ஒரு பத்திரத்தில் பழங்காலத்துக் கொசு ஒன்று நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்ததாம். முசே அந்தக் கொசுவையும் நகலில் வரைந்தார், ஆறு காலோடு. நொத்தேர் தலையில் அடித்துக்கொண்டபோது, "மூலத்துல இருக்குது முசே, நான் எப்படி எடுக்கறது?" என்றாராம்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் நேராக வந்து நின்ற இடம் நெல்லித்தோப்பில் இருந்த என் ஜெராக்ஸ் கடை. வாடிக்கையாளர் மார்க் ஷீட்டை நீட்டுவார், நான் நகல் எடுப்பேன், முசே இரண்டையும் பிடுங்கி வரி வரியாக ஒப்பிட ஆரம்பிப்பார். அதற்குள் பின்னால் ஐந்து பேர் நிற்பார்கள்.

"முசே, மிஷின் தப்பு பண்ணாது."

"பண்ணிடிச்சுன்னா யார புடிக்கறது? அது கையெழுத்தா போடுது?"

பின்னால் வரிசை இன்னும் நீண்டது. அவரை அப்புறப்படுத்தத்தான் ஒரு வழி தேடினேன். புது நூற்றாண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கடையில் இரண்டு கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் என்று போர்டும் மாட்டியிருந்தேன். இணையத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதுகிற தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்று இருந்தது. அதைத் திறந்து காட்டி, "யாரு வேணாலும் எழுதலாம் முசே" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக ஜெராக்ஸ் பக்கம் வந்தேன். நான் செய்த தவறு அதுதான்.

அரை மணி நேரத்தில் கூப்பிட்டார். முகம் வாடியிருந்தது.

"கத்திரிக்காய்க்குப் பக்கம் இருக்கு. கழுதைக்கு இருக்கு. நம்ம போலீஸ்காரங்க வைக்கிற சிவப்புத் தொப்பிக்கு இல்லியே தம்பி?"

அவர் அப்பா, பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்திலிருந்தே போலீஸில் இருந்தவர். வேலை பார்த்த காலமெல்லாம் அந்தத் தொப்பியைத் தலையில் வைத்திருந்தவர். கழுதைக்குக் கிடைத்த இடம் அப்பாவின் தொப்பிக்குக் கிடைக்காதது முசேக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை தடிமனான ஊர் வரலாற்றுப் புத்தகம் ஒன்றோடு வந்து உட்கார்ந்தார். தொப்பியைப் பற்றி ஏழு பக்கம். ஒற்றை விரலால் பதினோரு நாள் அடித்தார். என் கீபோர்டில் முதலில் அழிந்துபோன எழுத்து கமாதான். ஏழு பக்கமும் முடிந்ததும் அடியில் அந்த இரண்டு வரி, நூலாசிரியர் பெயர், தன் பெயர். "வுவாலா! ஆச்சு பாரு!" என்று கையைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் பக்கத்தைக் காணோம். பாகற்காய் என்ற பெயரில் எழுதும் ஒரு பயனர் அங்கே குறிப்பு வைத்திருந்தார். 'ஐயா, தாங்கள் சேர்த்தது பதிப்புரிமை உள்ள நூலின் வரிகள். எனவே நீக்கப்பட்டது. தங்கள் உழைப்புக்கு நன்றி.'

"மொன் தியே! கடவுளே! நான் திருடன்றானா? எழுதினவரு பேரப் போட்டிருக்கேனே!"

"பேரு போட்டா மட்டும் பத்தாது முசே. விஷயம் பொது, வாக்கியம் அவரு சொத்து. பத்திரம் எழுதுன உங்களுக்கா தெரியாது? அடுத்தவன் வீட்டு வாசல்ல அவன் பேரையே எழுதி மாட்டிட்டு, உள்ள போயி நாம குடியிருக்க முடியுமா?"

சொத்து என்றதும் கொஞ்சம் அடங்கினார். ஆனால் இரண்டு நாளில் வழி கண்டுபிடித்துவிட்டார். ஏழு பக்கத்தையும் மறுபடி அடித்து, முதல் எழுத்துக்கு முன்னால் ஒரு மேற்கோள் குறி, கடைசி எழுத்துக்குப் பின்னால் ஒரு மேற்கோள் குறி. பாகற்காய் பதில் எழுதினார். 'ஐயா, தேவைக்கு ஓரிரு வரி எடுத்தாண்டால் அது நியாயமான பயன்பாடு. முழுவதையும் எடுத்தால் மேற்கோள் குறிக்குள் அடங்காது.'

மூன்றாவது முயற்சிக்கு அகராதியோடு வந்தார். 'சிவப்பு' என்ற இடத்தில் 'செந்நிறம்', 'காவலர்' என்ற இடத்தில் 'போலீஸார்', 'அணிந்தனர்' என்ற இடத்தில் 'தரித்தனர்'. படமும் வேண்டுமே என்று ஏதோ பத்திரிகையின் அட்டையை என் ஸ்கேனரில் வைத்து எடுத்து ஏற்றினார். அதன் கீழே புதிதாகக் கற்ற வார்த்தையைக் கம்பீரமாக எழுதினார், 'நியாயமான பயன்பாடு' என்று.

இந்த முறை பாகற்காய் நிஜமாகவே கசந்தார். 'வார்த்தைகள் மாறியுள்ளன, வாக்கியங்களின் எலும்பு மாறவில்லை. இதுவும் நகலே. படமும் ஏற்க இயலாது. இந்தத் தொப்பியை யாரும் நேரில் படமெடுக்கலாம் என்னும்போது பிறர் படத்தை எடுத்தாள நியாயமில்லை. ஏழு நாட்களில் சொந்த நடையில், ஆதாரங்களோடு எழுதினால் பக்கம் இருக்கும். மீண்டும் நகல் சேர்த்தால் தங்கள் கணக்கைத் தடை செய்ய நேரும்.'

"அப்போ என் மனசுல இருக்கறத எழுதிடட்டுமா?"

"அதுக்கும் ஆதாரம் வேணும் முசே. புஸ்தகத்துல இருக்கற விஷயமா இருக்கணும், புஸ்தகத்துல இருக்கற மாதிரி இருக்கக் கூடாது."

"காப்பி அடிச்சாலும் தப்பு, சொந்தமா சொன்னாலும் தப்பு. அந்தப் பாகற்காய்க்கு வீட்ல சோறு போடறாங்களா இல்லியா?" என்று கேட்டவர், சட்டென்று குரல் இறங்கிச் சொன்னார். "என் நகல் ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல தம்பி. முப்பத்தாறு வருஷம். இப்ப தடை பண்றாங்களாம்."

அடுத்த நாள் வந்து வெறும் திரையின் முன் உட்கார்ந்தார். காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து 'தொப்பி' என்று அடித்தார், அதையும் அழித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் மூன்று நாள் ஆளைக் காணோம். வரிசை சீக்கிரம் நகர்ந்தது, கடை அமைதியாக இருந்தது, எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஆறாம் நாள் காலை பாஸ்போர்ட் படம் எடுக்கிற கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன். "வாங்க முசே, படத்தையாவது நாமளே எடுப்போம்" என்றேன். மதாம் அவர் சட்டையை எடுத்து நீட்டி, "கூட்டிட்டுப் போ தம்பி. வீட்ல உக்காந்து மூணு நாளா என் மளிகை லிஸ்ட்ட நகல் எடுக்கறாரு" என்றார்.

சிக்னலில் ஓர் இளம் கான்ஸ்டபிள் நின்றிருந்தார். சிவப்புத் தொப்பி வெயிலில் தகதகவென்று இருந்தது. முசே கும்பிடு போட்டு, படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"எதுக்கு சார்? மேல புகார் கீகார் குடுக்கப் போறீங்களா?"

"இல்ல தம்பி. தொப்பி மட்டும் போதும்."

"மூஞ்சி வேணாமா? காலைலதான் ஷேவ் பண்ணிட்டு வந்தேன்" என்றார் கான்ஸ்டபிள், வருத்தமாக. பிறகு, "அப்படி என்னா சார் இருக்கு இதுல? உள்ள தலை வேவுது" என்றார்.

அவ்வளவுதான். முசே பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பாவும் இதத்தான் சொல்லுவாரு, தலை வேவுதுன்னு. வந்ததும் கழட்டி ஜன்னல் கம்பில மாட்டுவாரு. தெருவுல வெளயாடறப்போ ஜன்னல்ல சிவப்பு தெரிஞ்சா அப்பா வந்துட்டாருன்னு உள்ள ஓடுவோம். உச்சி தட்டையா இருக்கு பாரு, முன்னாடி வெயிலுக்கு சின்னதா ஒரு மூக்கு. இது பிரெஞ்சுக்காரன் வச்சது. அவன் போயிட்டான், கொடி எறங்கிச்சு, வேற கொடி ஏறிச்சு. அப்பா போயி கேட்டாரு, தொப்பியும் மாறுமான்னு. மாறாதுன்னாங்க. அன்னைக்குத்தான் ஒழுங்கா சோறு சாப்ட்டாரு. கொடி மாறிச்சு தம்பி, தொப்பி மாறல. அது இப்போ உன் தலைல இருக்கு."

பத்து நிமிடம் பேசினார். நான்கு பக்கமும் வண்டிகள் நின்றன. வில்லியனூர் பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கான்ஸ்டபிள் எதையும் கவனிக்காமல் தொப்பியைக் கழற்றித் துடைத்து நேராக வைத்துக்கொண்டு, "இப்ப எடுங்க சார்" என்றார்.

திரும்பி வரும்போது கேட்டேன். "முசே, இப்ப அந்தத் தம்பிகிட்ட சொன்னீங்களே, அது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார்.

"எதுலயும் இல்லியேப்பா" என்றார், ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர் போல.

அன்று மாலையே புத்தகத்தை மூடி என் டிராயரில் வைத்துப் பூட்டினேன். கான்ஸ்டபிளிடம் சொன்னதை எனக்குச் சொல்லச் சொல்லி, அவரையே அடிக்க வைத்தேன். பத்து வரி வந்தது. பிறகு டிராயரைத் திறந்து எந்தச் செய்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று ஆதாரம் போட்டோம். ஜன்னல் கம்பிக்கும் சோற்றுக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. அப்பாவை எடுக்க வேண்டியிருந்தது.

"எடுத்துடு தம்பி" என்றார் முசே. "தொப்பி உள்ள வந்துட்டா அவரு வந்த மாதிரிதான்."

ஏழாம் நாள் பாகற்காயின் குறிப்பு வந்தது. 'ஐயா, கொடி மாறியது, தொப்பி மாறவில்லை என்பது கலைக்களஞ்சியத்துக்குரிய நடை அல்ல. ஆனால் தங்களுடைய நடை. கொஞ்சம் சீர்செய்து வைத்துக்கொள்கிறேன். எச்சரிக்கை நீக்கப்பட்டது. படம் மிக நன்று.' முசே அதை நான்கு முறை படித்தார். அந்தக் கணமே பாகற்காய் தங்கமான பிள்ளை ஆகிவிட்டார்.

கதை இங்கே முடிந்திருக்கும். அடுத்த வருடம் ஒரு நற்பணி மன்றத்தின் ஆண்டு மலர் ஜெராக்ஸுக்கு வந்தது. புரட்டினால் முசேயின் கட்டுரை, நாங்கள் எடுத்த படத்தோடு, அப்படியே. கலைக்களஞ்சியத்திலிருந்து யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்தான், ஆனால் எங்கிருந்து எடுத்தோம், யார் எழுதியது என்று சொல்ல வேண்டும். ஒரு பெயரும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முசேயிடம் காட்டி, "சும்மா விடக் கூடாது முசே" என்று குதித்தேன்.

முசே என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. மலரிலிருந்த பக்கத்துக்கு ஒரு ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்ட ஒரே ஜெராக்ஸ் அதுதான். திரையில் தன் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்கேல் வைத்து, வரி வரியாக ஒப்பிட்டார். கடைசிப் பத்தியில் ஸ்கேல் நின்றது.

"படுபாவி, கமாவ விட்டுட்டான்!"

சிவப்புப் பென்சிலால் கமாவைப் போட்டார். பிறகு, வழக்கம் மாறாமல், அடியில் 'மூலம் எழுதியவர்' என்று எழுதினார். அங்கே கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார். முப்பத்தாறு வருடம் வேறு யார் யாரோ பெயரை எழுதிய அந்த வரியில், மிக மெதுவாக, தன் பெயரை எழுதினார். அடுத்த வரியில் 'ஒப்பிட்டுச் சரிபார்த்தவர்' என்று எழுதி அதிலும் தன் பெயரையே எழுதினார். "வச்சிக்கோ தம்பி" என்று என்னிடம் கொடுத்துவிட்டு வேகமாக வெளியே போய்விட்டார்.

முசே போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அந்தத் தாள் என் கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. பார்க்கிறவர்கள் சிலர் அதற்கு ஒரு நகல் கேட்பார்கள். நாள் முழுக்க ஓடுகிற மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, மிஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடுவேன்.