பாட்டு ரூமுக்கு நான் போட்ட வயரிங் பிளான்

அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். மாடி ரூமுக்கு வயரிங் பிளான் போடணும்.

எண்பதுகள்ல நடந்தது இது. நான் வரதராஜன்பேட்டையில ஹைஸ்கூல் சயின்ஸ் வாத்தியார். மின்சாரப் பாடத்தை வருஷா வருஷம் போர்டுல படம் போட்டு விளாசுவேன். வீட்டுல ஃபியூஸ் போச்சுன்னா மட்டும் எலக்ட்ரீஷியனுக்கு ஆள் அனுப்புவேன்.

என் சம்சாரம் பிலோமினாவோட தம்பி அந்தோணி, குவைத்துல வேலை. ஊருக்கு வந்த கூட்டாளி ஒருத்தர்கிட்ட எனக்காக ஒரு ஜப்பான் பாட்டு செட் கொடுத்து விட்டிருந்தான். ஆம்ப்ளிஃபயர், கேசட் டெக், பேசிப் பதியறதுக்கு ஒரு மைக்கு, ஆளுயரத்துல பாதி இருக்கிற ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி. அந்தக் கூட்டாளிக்குப் பெரம்பலூர். நான் போய் பஸ்ஸுல ஏத்திட்டு வந்தேன்.

"பெட்டியில என்ன சார், கோழியா?"ன்னாரு கண்டக்டர்.

"பாட்டு"ன்னேன்.

"பாட்டுக்கு டிக்கெட் கிடையாது. பெட்டிக்கு லக்கேஜ் போட்டாவணும்"ன்னுட்டாரு.

பாட்டு கேக்கறதுக்குன்னே தனி ரூம் வெக்கணும்னு எனக்கு ஒரு ஆசை. ஏதோ பத்திரிகையில படிச்ச கோளாறு. மெத்து மெத்துன்னு இருக்கிற சாமான் எல்லாம் சத்தத்தைக் குடிச்சுடும், வெளிச்சத்தம் உள்ள வராது, உள்சத்தம் வெளிய போகாதுன்னு போட்டிருந்தான். நான் என்ன பண்ணேன்? கோணியில வைக்கோலை அடைச்சு ஜன்னலையெல்லாம் மூடிட்டேன். கதவுக்குப் பின்னால பழைய மெத்தையை நிக்க வெச்சு ஆணி அடிச்சுட்டேன்.

பிலோமினா வந்து பார்த்தா. "மாட்டுக்கொட்டாயில கூட காத்து வருமுங்க"ன்னா. அவ சொன்னதுல தப்பில்லை. பக்கத்து வீட்டு மாடு தினமும் எங்க சுவத்தோரம் வந்து நின்னு ஜன்னலை அண்ணாந்து பார்த்துட்டுத்தான் போகும்.

அடுத்தது வயரிங். கிராஃப் பேப்பர் எடுத்தேன். ஸ்கேல், காம்பஸ், மூணு கலர் பென்சில். சிவப்புக்கோடு கரண்ட் வயர், பச்சைக்கோடு ஸ்பீக்கர் வயர், நீலக்கோடு எதுக்குன்னு இப்ப ஞாபகம் இல்லை. அப்பவும் தெரியாதுன்னுதான் நினைக்கிறேன். பேப்பர் பார்க்க அழகா இருந்துச்சு.

எலக்ட்ரீஷியன் ஆரோக்கியசாமி வந்தான். ஊர்ல கரண்ட் வேலையும் அவன்தான், மைக்செட் வாடகைக்கு விடறதும் அவன்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டறது அவன். பிளானை இப்படித் திருப்பினான், அப்படித் திருப்பினான்.

"எர்த்து எங்க சார் காட்டிருக்கீங்க?"

மறந்தே போயிட்டேன்! ஆனா விட்டுக் கொடுக்க முடியுமா? "அதெல்லாம் சொல்லித்தான் தெரியணுமா ஆரோக்கியசாமி?"ன்னேன்.

"சரிங்க சார். இங்க ஸ்பீக்கருக்கு நாலு பாயிண்ட் போட்டிருக்கீங்க. பெட்டி ரெண்டுதான இருக்கு?"

"மீதி ரெண்டும் பின்னால தேவைப்படும்."

"எதுக்கு சார்?"

எதுக்குன்னு எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் பின்னாலன்னு சொல்லப் போறேன்? "பிளான்ல எத்தனை பாயிண்ட் இருக்கோ அத்தனைக்கும் கனெக்‌ஷன் கொடுத்துரு. ஒண்ணும் காலியா இருக்கக்கூடாது"ன்னு அதிகாரமா சொன்னேன். இந்த ஒரு வரியை நீங்க ஞாபகம் வெச்சுக்கணும். நான் சாகற வரைக்கும் வெச்சிருப்பேன்.

நாலு நாள் வேலை. அரியலூர் போய் நானே வயர் வாங்கிட்டு வந்தேன். சுவத்துல மரச்சட்டம் அடிச்சு, கிளிப் போட்டு, வயரை எறும்பு வரிசையாட்டம் ஓட்டினான். சனிக்கிழமை சாயங்காலம் நான் பரீட்சை பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தப்ப வந்து நின்னான்.

"முடிஞ்சுது சார். நாலு பாயிண்ட்டும் கொடுத்தாச்சு. ஒருக்கா மேல வந்து பாத்துக்குங்க."

"நான் போட்ட பிளானை நானே பார்க்கணுமா? போய்ட்டு வா"ன்னு அனுப்பிட்டேன்.

இந்த இடத்துல ஒரு குடும்ப விஷயம் சொல்லியாகணும்.

பிலோமினா ஒரு வருஷமா படாத பாடு பட்டுக்கிட்டிருந்தா. அந்தோணிக்கு எங்க ஹெச்.எம். ஞானப்பிரகாசம் சார் பொண்ணு ரோசலினைப் பேசி முடிக்கணும். ஹெச்.எம். பிடி கொடுக்காம இழுத்துக்கிட்டே இருந்தாரு. ஒருவழியா கனிஞ்சு வந்து, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு வீட்டுக்கு வா, நாள் குறிப்போம்னு சொல்லியிருந்தாரு.

அந்தப் பக்கம் அந்தோணி எனக்குத் தனியா ஒரு கேசட் பேசி அனுப்பியிருந்தான். வளைகுடா போனவங்க அப்பல்லாம் கடுதாசிக்குப் பதிலா கேசட்லதான் பேசி அனுப்புவாங்க. "மச்சான், அக்கா எல்லாரையும் நல்லவங்கன்னுதான் சொல்லும். நீங்க உள்ளதை உள்ளபடி பேசி அனுப்புங்க. உங்களை நம்பித்தான் நான் சரின்னு சொல்லப் போறேன்"னு சொல்லியிருந்தான். கேக்கவே எனக்குப் பெருமையா இருந்துச்சு. என்னையும் ஒருத்தன் நம்பறான்!

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சுது. பிலோமினா பட்டுச்சேலையோட ஹெச்.எம். வீட்டுக்குப் போனா. நான் மாடி ரூமுக்குப் போய், மெத்தைக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, மைக்கைப் பிடிச்சு மனசுல இருந்ததையெல்லாம் பதிஞ்சேன். அனுப்பறதுக்கு முன்னாடி சரியா விழுந்திருக்கான்னு ஒருக்கா கேட்டுரலாம்னு நினைச்சேன்.

ஆம்ப்ளிஃபயர்ல ஒரு திருகு. ஏ, பி, ஏ பிளஸ் பின்னு மூணு குறி. ஏ மட்டும் வெச்சா ஏதோ பாதிதான் வேலை செய்யும்போல, முழுசா வெப்போம்னு ஏ பிளஸ் பி-யில திருப்பினேன். சயின்ஸ் வாத்தியார்!

இதுக்கப்புறம் வெளிய நடந்தது எதுவும் என் காதுல விழலை. காதால கேட்டவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஏ-ங்கிறது ரூமுக்குள்ள இருக்கிற ரெண்டு பெட்டி. அந்த பி-ங்கிறது, அதாவது மீதி ரெண்டு பாயிண்ட்டு, எங்க போகுதுன்னா, எங்க மொட்டைமாடிக்கு. அந்தத் தெருவுல மாடி வெச்ச வீடு எங்களோடது ஒண்ணுதான். வருஷா வருஷம் கோயில் திருவிழாவுக்கு எங்க கைப்பிடிச் சுவத்துலதான் ஆரோக்கியசாமி குழாய் கட்டுவான். இன்னும் பத்து நாள்ல கொடியேத்தம். எப்படியும் கட்டத்தான போறோம், வாத்தியாரும் ஒரு பாயிண்ட்டும் காலியா இருக்கக்கூடாதுன்னுட்டாரு. அவன் இப்பவே ரெண்டு குழாயைக் கட்டி வயரை உள்ள இழுத்துக் கொடுத்துட்டான். ஒரு குழாய் கடைத்தெருவைப் பார்த்து. இன்னொண்ணு ஹெச்.எம். வீட்டைப் பார்த்து.

எங்க ஊர்ல குழாய்ல ஒரு குரல் வந்தா எல்லாரும் கைவேலையைப் போட்டுட்டு வாசலுக்கு வந்து நின்னுடுவாங்க. சாவுச் சேதியா இருக்கும், இல்லாட்டி கோயில் அறிவிப்பா இருக்கும். அன்னைக்கும் வந்து நின்னுட்டாங்க. ஒரு பெரியவர் சாமியார் பிரசங்கம்னு நினைச்சு தோள் துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டாராம்.

வானத்துலேர்ந்து என் குரல்.

"மாப்ள அந்தோணி, பொண்ணு தங்கம். அதுல சந்தேகமே வேணாம். மாமனாரைப் பத்திக் கேட்டேல்ல? சொல்றேன் கேட்டுக்க. டார்ச் லைட்டுக்குள்ள செல்லு போட மாட்டாரு. தேஞ்சுடுமாம், கழட்டிச் சட்டைப்பையில வெச்சிருப்பாரு. இருட்டுல எவனாவது டார்ச் அடிச்சுட்டுப் போனா, அவன் எந்த ஊருக்குப் போறானோ அந்த ஊர் வரைக்கும் அவன் பின்னாலயே போயிட்டு வருவாரு!"

கடைத்தெருவுல சிரிப்பு ஆரம்பிச்சுடுச்சாம்.

"பூசையில பாடறேன்னு வருவாரு. அவரு வாயைத் திறந்தா ஆர்மோனியக்காரரு வாசிக்கிறதை நிறுத்திட்டு சிலுவை போட்டுக்குவாரு! அந்தம்மா இத்தனை வருஷமா அவரை வெச்சுக் குடும்பம் நடத்துதே, அதான் மாப்ள நம்மூர்ல நடந்த பெரிய அற்புதம். ரோமாபுரிக்கு எழுதிப் போட்டா புனிதர் பட்டமே கொடுப்பாங்க."

இந்த நேரத்துல பிலோமினா எங்க இருக்கா? ஹெச்.எம். வீட்டுக் கூடத்துல, அவருக்கு எதிர் நாற்காலியில. ஹெச்.எம். கையில காலண்டர். தேதி மேல வெச்ச விரல் வெச்சபடி நிக்குதாம்.

"உங்க அக்காவையும் நம்பாத. ஹெச்.எம். வூட்டு காப்பி கழனித்தண்ணியாட்டம் இருக்கும். சம்பந்தம் ஆகணுமேன்னு நல்லாருக்கு நல்லாருக்குன்னு ரெண்டு டம்ளர் குடிச்சுட்டு வருவா!"

பிலோமினா கையில அப்ப ரெண்டாவது டம்ளர்.

உள்ள நான் என்ன பண்ணிக்கிட்டிருந்தேன் தெரியுமா? கண்ணை மூடி ரசிச்சுக்கிட்டிருந்தேன். என் குரல் இவ்வளவு கம்பீரமான்னு எனக்கே ஆச்சரியம். கூரையே அதிர்ற மாதிரி இருந்துச்சு. ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான்யான்னு நினைச்சுக்கிட்டேன். அந்த ஆர்மோனிய இடம் ரொம்ப நல்லா வந்திருந்துச்சு. ரீவைண்ட் பண்ணி முதல்லேர்ந்து இன்னொரு தடவை போட்டேன்.

முதல் தடவை வீட்டுக்குள்ள இருந்தவங்களும் இந்தத் தடவை வெளிய வந்துட்டாங்களாம்.

கதவைத் தட்டியிருக்காங்க, உதைச்சிருக்காங்க. மெத்தை எல்லாத்தையும் குடிச்சுடுச்சு. பத்திரிகைக்காரன் பொய் சொல்லலை. கடைசியில டீக்கடையிலேர்ந்து ஓடி வந்த ஆரோக்கியசாமி கீழ மெயின் போர்டுல ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிட்டான்.

குரல் நின்னுச்சு, லைட்டும் போச்சு. நான் பதறவே இல்லை. அந்தக் காலத்துல பகல்ல கரண்ட் போறது வழக்கம்தானே. இருட்டுல வைக்கோல் மூட்டை மேல சாஞ்சுக்கிட்டு, கரண்ட் வரட்டும்னு பத்து நிமிஷம் கால் ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். வேர்த்துக் கொட்டினதும்தான் கதவைத் திறந்தேன்.

படிக்கட்டு பூரா ஆள்!

முன்னாடி பிலோமினா. பட்டுச்சேலை முந்தானையை இழுத்துச் செருகியிருந்தா. கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சு. மொட்டைமாடிப் பக்கம் கையை மட்டும் காட்டினா.

போய்ப் பார்த்தேன். ரெண்டு குழாய்.

"நீங்கதான் சார் ஒண்ணும் காலியா இருக்கக்கூடாதுன்னீங்க. காலியா விட்டா எலியும் கடிச்சுரும்ல?"ன்னான் ஆரோக்கியசாமி.

எனக்கு அந்த மாடியிலேர்ந்தே குதிச்சிடலாம் போல இருந்துச்சு. வேலை போனாலும் போகட்டும். ஒரு வருஷம் நடையா நடந்து அவ கட்டின சம்பந்தத்தை ஒரே திருகுல ஒடைச்சுட்டேனே! அந்தோணிக்கு என்ன பதில் சொல்றது?

கூட்டம் ஒதுங்குச்சு. ஹெச்.எம். படியேறி வர்றாரு. அவருக்குப் பின்னால அவரு சம்சாரம். "சார், நான் வந்து..."ன்னேன்.

அவரு வாயைத் திறக்கறதுக்குள்ள அந்தம்மா முந்திக்கிட்டாங்க.

"வாத்தியாரே, அந்த ஆர்மோனியக் கட்டத்தை இன்னொருக்கா போடுங்க. பாத்திரம் தேய்ச்ச சத்தத்துல எனக்கு அரைகுறையாத்தான் கேட்டுச்சு!"

படிக்கட்டே சிரிச்சுது. நான் சிரிக்கலை. ஹெச்.எம்-மும் சிரிக்கலை.

"இத்தனை வருஷமா நான் சொல்றேன், இந்த மனுஷன் நம்பலை"ன்னு அந்தம்மா மூச்சு விடாம பேசினாங்க. "செல்லை டார்ச்சுக்குள்ள போடுங்கன்னு கெஞ்சிப் பார்த்தேன். பாடாதீங்கன்னு அழுது பார்த்தேன். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டயும் சொல்லிப் பார்த்தேன். இன்னைக்குத்தான் ஒருத்தர் ஊரறியச் சொல்லியிருக்காரு. எம்பொண்ணை அந்த வூட்டுக்குத்தான் கொடுப்பேன். அவங்களுக்கு எதையும் மறைக்கத் தெரியலையே!"

ஹெச்.எம். குழாயை ஒருக்கா பார்த்தாரு. அப்புறம் என் பக்கத்துல வந்து மெதுவா, "நெசமாவே சிலுவை போடறாரா?"ன்னு கேட்டாரு.

அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமா போச்சு. நான் கேலி பண்ணது பூரா ஒரு மனுஷனோட ஆசைன்னு அப்பத்தான் உறைச்சுது. "சும்மா பேச்சுக்குச் சொன்னேன் சார். மன்னிச்சுக்குங்க"ன்னேன். அவரு நம்பலை. ஆனா தலையை ஆட்டிக்கிட்டாரு.

கல்யாணம் பேசி முடிஞ்சுது. வழக்கமா மாப்பிள்ளை வீட்டுக்காரங்கதான் கண்டிஷன் போடுவாங்க. இங்க ஹெச்.எம். போட்டாரு, ஒண்ணே ஒண்ணு. கல்யாணம் முடியற வரைக்கும் வாத்தியாரு வாயைத் திறக்கக்கூடாது!

எங்க வீட்டுல எல்லாரும் ஒருத்தர் பாக்கி இல்லாம ஒத்துக்கிட்டாங்க. பிலோமினா எழுதியே கொடுத்திருப்பா.

அடுத்த கோடையில கல்யாணம். மாப்பிள்ளையோட அக்கா புருஷன் நான், வந்தவங்களை வாங்கன்னுகூட கூப்பிடாம கும்பிட்டுக்கிட்டே நின்னேன். வெளியூர்க்காரங்க என்னைப் பார்த்து பாவம், பிறவியிலேயே இப்படியான்னு கேட்டாங்களாம். பூசை முடிஞ்சு அந்தோணி தாலி கட்டினான். நான் கூட்டத்தை முண்டிக்கிட்டுப் போய் பிலோமினா காதுல, "இப்ப பேசலாமா?"ன்னு கேட்டேன்.

"இன்னும் பந்தி முடியலைங்க"ன்னா.