அடிக்கட்டை அகற்றும் குழுவின் அரும்பணி

உலகத்தில் பெரிய காரியங்கள் நடந்த இடங்களை யாராவது பட்டியல் போட்டால், எங்கள் அலுவலகத் தோட்டத்தை விட்டுவிடுவது அயோக்கியத்தனம். ஆறு வருடங்களாக அங்கே நான்கு அடிக்கட்டைகளை அகற்றிக்கொண்டிருந்தோம். எங்கள் கையால் ஒன்றுகூட அகலவில்லை என்பதே எங்கள் நிதானத்துக்குச் சான்று.

முதலில் அவை மரங்களாகத்தான் இருந்தன. மேலாளரின் கார்மேல் இலை கொட்டியதால், 'வாகனப் பாதுகாப்பு' கருதி வெட்டினோம். வேரோடு தோண்டிவிடவா, இரண்டு நாள் வேலைதான் என்று அன்றைக்கே தோட்டக்காரர் கேட்டார். என்ன அவசரம் பாருங்கள். உத்தரவில் 'வெட்டுக' என்றுதான் இருந்தது, 'தோண்டுக' என்று இல்லை. இல்லாததைச் செய்ய எங்களுக்கென்ன பைத்தியமா?

ஆகவே 'அடிக்கட்டை அகற்றும் குழு' பிறந்தது. தலைவர் மேலாளர். செயலாளர், தன்னடக்கத்தோடு சொல்கிறேன், கண்காணிப்பாளராகிய நான். உறுப்பினர்கள் ஸ்டோர் கீப்பரும் தட்டச்சரும். பதினேழு முறை கூடினோம். முதல் கூட்டத்தில் கட்டை என்றால் என்ன என்று ஆராய்ந்தோம். ஒன்பதாவதைத் தோட்டத்திலேயே நடத்தினோம். மேலாளர் ஒரு கட்டைமேல் உட்கார்ந்து பார்த்து, "நல்லாத்தானே இருக்கு, இதை ஏன் எடுக்கணும்?" என்றார். அந்தக் கேள்விக்கே மூன்று கூட்டங்கள் போயின.

நடுவில் ஒரு சின்னச் சிக்கல். கடப்பாரை ஸ்டோர் அறையில் இருந்தது. அந்த அறைக்கு நாங்கள் வெளிப்பக்கமாகத் திறக்கும் புது இரும்புக் கதவு போட்டோம். நாலாவது கட்டை வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. கதவு நாலு விரல் திறக்கும், அதற்குமேல் கட்டை விடாது. கட்டையை எடுக்கக் கடப்பாரை வேண்டும், கடப்பாரையை எடுக்கக் கட்டை போகவேண்டும். ஸ்டோர் கீப்பர் சளைக்கவில்லை. தினமும் அந்த இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்து, கடப்பாரை 'பத்திரமாக உள்ளது' என்று பதிவேட்டில் எழுதிவந்தார்.

எல்லாம் இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது தோட்டக்காரர் ஓய்வு பெறும் நாள் வந்து தொலைத்தது. தோட்டத்தில் கட்டை ஏதும் இல்லை என்று குழுச் செயலாளர் கையெழுத்துப் போட்டால்தான் அவரை விடுவிக்கலாம் என்பது விதி. அந்த விதியை எழுதியவனே நான், அதனால் அதன் அழகு எனக்குத் தெரியும்.

அவருக்கு ஒரே மகள், தாயில்லாத பெண். வெளியூரில் நிறைமாதமாக இருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. எப்போ வருவே அப்பா என்று தினமும் போன் செய்கிறாளாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் என் மேசை முன்னால் நின்றார்.

"எங்க வீட்டுக் கடப்பாரையைக் கொண்டுவரேன் சார். ரெண்டே நாள்."

சொந்தக் கடப்பாரையா? அலுவலகக் கட்டையில் பட்டு முனை மழுங்கினால் யார் பொறுப்பு? பதினெட்டாவது கூட்டத்தில் வைக்கிறேன் என்றேன். மனிதர் கேட்கவில்லை. சனி, ஞாயிறு வந்து நான்கையும் வேரோடு பெயர்த்து, குழியை மூடி, மண்ணைச் சமப்படுத்திவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆட்களை வைத்துக்கொண்டு ஒரு அலுவலகத்தை எப்படி நடத்துவது?

திங்கட்கிழமை ஸ்டோர் கதவு ஹாவென்று திறந்தது. ஸ்டோர் கீப்பர் இத்தனை வருடம் பத்திரமாகப் பார்த்துவந்தது ஒட்டடைக் கம்பு என்று தெரிந்தது. குழு அவசரமாகக் கூடியது. கட்டை இல்லையென்றால் நாம் எதற்கு என்று தட்டச்சர் கண் கலங்கினார். பெயர்த்த கட்டைகளை அதே இடத்தில் நட்டு, பிறகு முறைப்படி அகற்றுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அதுவரை சான்று கிடையாது.

தோட்டக்காரர் ஐந்து நாள் அந்தச் சான்றுத் தாளோடு வந்து நின்றார். ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி, என்னுடையது. ஆறாம் நாள் தாள் இல்லாமல் வந்தார்.

"பொறந்துடுச்சு சார். பொண்ணு. பக்கத்துப் படுக்கைக்காரம்மாதான் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்களாம்." ஜன்னலைக் கைகாட்டினார். "உங்க ஜன்னல் வழியாப் பாத்தாலே தெரியுமே சார், கட்டை இல்லன்னு. பாத்துட்டு ஒரு கையெழுத்து போட்டிருக்கலாம்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பார்ப்பது நடைமுறையில் இல்லை. அவர் போய்விட்டார். அனுமதியின்றி வெளியேறியதற்கு விளக்கம் கேட்டு அன்றே கடிதம் அனுப்பினேன்.

கட்டைகளைத் திரும்ப நட இப்போது ஆள் இல்லை. ஆனால் தோட்டம் வெறிச்சென்று இருக்கிறதே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். உள்ளே நாங்கள் நாலு பேரும் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். இனி எங்களை அசைக்க முடியாது. இருந்த ஒரே கடப்பாரையையும் அவர் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.