உப்புத் தண்ணீர் ஓட்டம்

ஒரு டம்ளர் தண்ணீரில் எவ்வளவு உப்பைக் கரைத்தால் ஐந்து கிலோமீட்டர் ஓடிய வியர்வை கிடைக்கும் என்று கிரேன்காரருக்குப் பிடிபடவில்லை. பேக்கரியின் பின்னறையில், மாவு மூட்டைகளுக்கு நடுவே கிடந்த பெஞ்சில், ஒரு கையில் வெண்ணெய் தடவிய பன்னும் மறுகையில் ஸ்பூனுமாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் ஒரு ஸ்பூன் போடுங்கண்ணே,” என்றான் பேக்கரிக்காரன்.

“நேத்து போட்டதுக்கே சட்டை அட்டையா வெறைச்சுப் போச்சுப்பா. கழட்டி வெச்சா தானா நிக்குது.”

“அப்போ எதுக்கு உப்பு? வெறும் தண்ணியத் தெளிச்சுட்டுப் போக வேண்டியதுதானே?”

“அப்படித்தான் போயிட்டிருந்தேன். உங்க அண்ணி சட்டையப் பிடிச்சுப் பார்த்துட்டு, ‘வேர்வை காஞ்சா வெள்ளையா கோடு விழுமே, இதென்ன மழையில நனைஞ்ச சட்டை மாதிரி இருக்கு’ன்னு கேட்டுட்டா. இதெல்லாம் அவளுக்கு எப்படித்தான் தெரியுதோ!”

“துணி துவைக்கிறவங்களுக்குத் தெரியாதா?” என்று சொல்லிவிட்டுப் பேக்கரிக்காரன் மாவு பிசையப் போனான்.

விஷயம் இதுதான். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வீடு மாதிரி இருக்கும் இரும்புப் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி லாரியில் வைத்தால், தூங்குகிற லாரி டிரைவர்கூட விழித்துக்கொள்ள மாட்டார். அவ்வளவு சுத்தமான கை. அந்த உயரத்துக் கண்ணாடிக் கூண்டுதான் அவருக்கு எல்லாம். ஆனால் கூண்டுக்கு ஏணியில் ஏறித்தான் போக வேண்டும். கொஞ்ச நாளாகவே பாதி ஏணியில் நின்று, கடலை ரசிப்பதுபோல் பாவனை செய்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கம்பெனி டாக்டரம்மாவிடம் அந்தப் பாவனை செல்லவில்லை.

“மூணு மாசம் டைம் தர்றேன். தினமும் காலையில ஓடுங்க,” என்றார் டாக்டரம்மா. “அப்பவும் இதயம் இதே மாதிரி தடதடன்னு அடிச்சுதுன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். கிரேனை மறந்துட்டு, கீழ கேட்டுல நாற்காலி போட்டு உக்கார வேண்டியதுதான்.”

கேட் நாற்காலி என்ற வார்த்தை அவருக்கு நெஞ்சில் குத்தியது. வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி அன்றைக்கே ஷூ வாங்கிவிட்டாள். மறுநாள் காலை ஓடினார். தெரு முனை வரை ஓடினார். அங்கே உயிர் போகிற மாதிரி இருந்தது. பக்கத்திலேயே பன் வேகிற வாசனை வந்தது. அன்றைக்கு உள்ளே போய் உட்கார்ந்தவர்தான்.

ஆனால் மனிதர் நேர்மையானவர். பொய் சொன்னாலும் அதை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர். அதனால் பன் சாப்பிடும் நேரத்தில் ஓட்டத்தைப் பற்றிப் போனில் தேடித் தேடிப் படித்தார். படிக்கப் படிக்க வாயடைத்துப் போனார். ஓடுகிறவன் ஒவ்வொரு அடியிலும் தன் எடையைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பாரத்தை ஒற்றைக் காலில் வாங்குகிறானாமே!

“நான் எண்பது கிலோ,” என்றார் பேக்கரிக்காரனிடம். “அடிக்கு அடி இருநூறு கிலோ எறங்குது, அதுவும் ஒத்தக் கால்ல. எந்த சேஃப்டி ஆபீசர் இதுக்குப் பர்மிட் குடுப்பான்? ஆனா இந்தக் கால் கேக்காமலே தாங்குதுப்பா!”

குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் அந்த விசையில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, அடுத்த அடிக்குத் திருப்பிக் கொடுக்கிறதாம். பின்கழுத்தில் இருக்கும் ஒரு நார், ஓடும்போது தலை ஆடாமல் பிடித்துக்கொள்கிறதாம். உடம்பெல்லாம் லட்சக்கணக்கில் வியர்வைச் சுரப்பிகள். அவற்றின் புண்ணியத்தில், நாலுகால் பிராணிகள் பல வெயிலில் சூடேறி நின்றுவிடும் தூரத்தையும் தாண்டி மனிதன் ஓடிக்கொண்டே இருப்பானாம். எல்லாவற்றையும் விட, ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் கொஞ்ச நேரம் இரண்டு காலுமே தரையில் இருப்பதில்லையாம். காலமெல்லாம் அந்தரத்தில் வேலை பார்த்தவருக்கு அதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு எந்திரத்தை வைத்துக்கொண்டு பன் தின்கிறோமே என்று வருந்தினார். வருத்தத்தில் இன்னொரு பன் சொன்னார்.

அன்றைக்கு வீட்டில் ஆர்வக்கோளாறில் வாயை விட்டார். “தெரியுமா? ரொம்ப தூரம் ஓடினா முதுகெலும்பு தட்டெல்லாம் அழுந்தி, ஆள் கொஞ்ச நேரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் குள்ளமாயிடுவானாம்!”

மனைவி வீட்டிலேயே ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவள். கழுத்தில் அளவு டேப் எப்போதும் தொங்கும்.

“அப்படியா? நாளைக்கு அளந்துடுவோம்,” என்றாள்.

மறுநாள் கிளம்புமுன் கதவுச் சட்டத்தில் நிற்க வைத்துக் கோடு போட்டாள். திரும்பி வந்ததும் மறுபடி நிற்க வைத்தாள். அவர் தொளதொள பேன்ட்டுக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு விறைப்பாக முகத்தை வைத்துக்கொண்டார்.

“என்னங்க இது, நாலு விரல் குறைஞ்சிருக்கு!”

“இன்னிக்குக் கொஞ்சம் அதிகமா ஓடிட்டேன்.”

“பார்த்துங்க. இந்த வேகத்துல போனா ஞாயித்துக்கிழமை உங்கள ஸ்டூல் போட்டுத்தான் சாப்பிட உக்கார வெக்கணும்.”

அவள் முகம் சிவந்து கிடந்தது. சிரிப்பை அடக்குகிறாளோ என்று சந்தேகப்பட்டார். “காலையிலேயே என்ன வேக்காடு!” என்று அவள் ஃபேனைக் கூட்டினாள். சமையலறைச் சூடுதான் என்று சமாதானமானார்.

உயரத்தில் கோட்டை விட்டதை நகத்தில் சரிக்கட்டப் பார்த்தார். நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்குக் கால் விரல் ஷூவில் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும் என்று படித்திருந்தார். துணியில் குறி போட அவள் வைத்திருந்த மார்க்கர் பேனாவால் கட்டைவிரல் நகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு, வலிக்கிற மாதிரி நொண்டினார்.

மனைவி குனிந்து பார்த்தாள். பிறகு தன் காலை நீட்டினாள். அவளுடைய கட்டைவிரல் நகமும் கறுத்திருந்தது.

“உனக்கு எப்படி?”

“கத்தரிக்கோல் விழுந்துடுச்சு. அதிருக்கட்டும், என்னோடது ஊதாவும் கறுப்புமா இருக்கு. உங்களுது என்ன, ஒரே கறுப்பா மினுமினுன்னு இருக்கு?”

“ஆம்பளை நகம் அப்படித்தான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் நுழைந்து தாழ் போட்டார்.

இடி அதற்கு அடுத்த நாள் விழுந்தது.

“அண்ணே, பின்னறையில புது அடுப்புப் போடப் போறேன். பெஞ்சை எடுக்கணும்,” என்றான் பேக்கரிக்காரன். “பூங்காவுக்கு அந்தப் பக்கம் என் தம்பி கடை இருக்கு. அங்க பின்னாடி உக்காந்துக்குங்க. சொல்லி வெச்சுட்டேன்.”

“அவ்வளவு தூரமா?”

“பன் அங்க இன்னும் நல்லா இருக்கும்ணே.”

வேறு வழியில்லை. பூங்காவிலேயே உட்காரலாம் என்றால், தெருக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் நடக்கிறார்கள். நடந்து போகலாம் என்றாலோ, ஓடுகிற உடுப்பில் சாவகாசமாக நடப்பதைப் பார்த்து நாலு பேர் வீட்டில் சொல்லிவிடுவார்கள். அதனால் ஆட்கள் பார்க்கிற இடத்தில் ஓடுவது, பார்க்காத இடத்தில் நடப்பது என்று வைத்துக்கொண்டார். பாழாய்ப் போன ஊரில் பார்க்காத இடமே இல்லை. போதாக்குறைக்குக் கம்பெனி பஸ் வருவதற்குள் வீடு திரும்பியாக வேண்டும். போகும்போது மானத்துக்காகவும் வரும்போது பஸ்ஸுக்காகவும் கால்கள் ஓடின.

“இது ஓட்டமில்லப்பா,” என்று தம்பி கடையில் மூச்சிரைக்கச் சொன்னார். “ஓடுறது வேற, அவசரமா போறது வேற.”

அங்கே உட்கார்ந்த பெஞ்சு ஒழுங்காகச் சூடாவதற்குள் அந்தத் தம்பியும் தலையைச் சொறிந்தான். கடைக்கு வெள்ளையடிக்கப் போகிறானாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் அவனுடைய மச்சான் கடை இருக்கிறதாம். கிரேன்காரர் பேக்கரிக்காரன் குடும்பத்தையே ஏழு தலைமுறைக்குத் திட்டினார். திட்டிக்கொண்டே பாலத்தைத் தாண்டினார்.

பாலம் ஏற்றம். முதல் வாரம் நாக்குத் தள்ளியது. அப்புறம் ஒரு நாள் அது நடந்தது. கழுத்துத் தானாக நேரே நின்றது. குதிகால் தானாகத் துள்ளியது. கீழே ஆறு போகிறது, மேலே இவர் போகிறார், இடையில் கொஞ்சம் கொஞ்ச நேரம் எதிலும் படாமல் இருக்கிறார். ‘அடேயப்பா, நம்ம உடம்பா இது!’ என்று வியந்தார். உடனே, ‘சே, நாமதான் ஓடலையே, அவசரமாத்தானே போறோம்’ என்று நினைத்து அந்தப் பெருமையை அடக்கிக்கொண்டார். மச்சான் கடையில் பன்னை மறந்து தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிய நாட்களும் உண்டு. உப்பு டம்ளரை எப்போது விட்டார் என்று அவருக்கே ஞாபகமில்லை.

கெடு முடிந்து டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார். கிரேன் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். போகிறதுதான் போகிறது, பொய்யோடு போக வேண்டாம் என்று தோன்றியது.

“டாக்டரம்மா, ஒரு உண்மையச் சொல்லிடறேன். நான் ஓடவே இல்ல. தினமும் பன் சாப்பிடத்தான் போனேன்.”

டாக்டரம்மா மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். மறுபடி கேட்டார்.

“கடை எங்க இருக்கு?”

“பாலத்துக்கு அந்தப் பக்கம்.”

“இந்த இதயம் ஓட்டக்காரன் இதயம். நிதானமா, அழுத்தமா, அழகா அடிக்குது,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். “பன்னைக் குறைங்க. கடைய மாத்தாதீங்க.”

அன்றைக்கு அவர் ஏணியில் ஏறினார். உச்சிக்குப் போய்க் கூண்டுக் கதவைத் திறந்த பிறகுதான், வழியில் கடலை ரசிக்க நிற்கவே இல்லை என்பது உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்து தன் கால்களைத் தடவிக் கொடுத்தார். சந்தோஷத்தில் அழுகை வந்தது, அழுதார்.

சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று தீர்மானித்தார். வெறுங்கையோடு ஒப்புக்கொள்ள பயமாக இருந்ததால், கேக் வாங்கத் தெருமுனைப் பேக்கரிக்குப் போனார். பின்னறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அடுப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அதே மாவு மூட்டை, அதே பெஞ்சு.

“ஏம்ப்பா, புது அடுப்பு எங்க?”

பேக்கரிக்காரன் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கிரேன்காரர் விடவில்லை.

“அண்ணிதான் பெஞ்சை எடுக்கச் சொன்னாங்க,” என்றான் கடைசியில். “தம்பி கடை, மச்சான் கடை எல்லாம் அவங்க ஏற்பாடுதான். கிரேன் போயிட்டா மனுஷன் ஒடைஞ்சு போயிடுவாருன்னு சொல்லிக் கண்ணு கலங்கினாங்க.”

கிரேன்காரர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “அவ வீட்டுல உக்காந்து திரை தைக்கிறவ. நான் எந்தக் கடையில இருக்கேன், எப்படி வர்றேன்னு அவளுக்கு எப்படிப்பா தெரியும்?”

“வீட்டுல எங்கண்ணே உக்காந்தாங்க? முதல் நாள்லேருந்து பாலம் வரைக்கும் தினமும் உங்க பின்னாடியே ஓடி வந்து, நீங்க பன் தின்னு முடிக்கிறதுக்குள்ள இன்னொரு சுத்தும் ஓடிட்டு, உங்களுக்கு முன்னாடி வீட்டுக்கு ஓடிப் போயிட்டிருந்தாங்களே!”