சிலையின் இடது கை

கையில் ஒரு கை. ரோய்ஸ்டன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஈப்போ பேரங்காடியில் சிற்பி ஸ்டானிஸ்லாஸின் புதுச் சிலைக்கு இன்று திறப்பு விழா. அவர் மகள் பெர்னடெட்டைப் பெண் கேட்க நாள் பார்த்துக்கொண்டிருந்த ரோய்ஸ்டனிடம், "பாத்துக்க. துணிய மட்டும் எடுக்காத," என்று சொல்லிவிட்டு, சிலையைத் திறந்துவைக்கும் டத்தோவை அழைத்துவரப் போயிருந்தார்.

யார் கண்ணிலும் காட்டாமல் செய்த சிலை. சும்மா இருக்க முடியுமா? துணியை இழுத்தான். பக்கத்துச் சேலைக் கடை ஓரம் எதிலோ மாட்டியது. வெடுக்கென்று இழுத்தான்.

'டொக்!' காலடியில் இந்தக் கை.

நிமிர்ந்து பார்த்தான். கிரேக்க முகம். சோழர் காலத்து வெண்கலச் சிலையின் இடுப்பு வளைவு. ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணங்களைக் கோத்த பாவாடை. வலது கையில் தாமரை. இடது பக்கம் தோளோடு நின்றிருந்தது.

"மச்சான், செத்தேன்!"

"பதறாத லா. ஒட்டிரலாம்," என்றான் கூட வந்திருந்த சுகுமாரன். ஓடிப்போய்ப் பசை வாங்கி வந்தான்.

ஒட்டினார்கள். உள்ளங்கை பின்பக்கம் பார்த்தது.

"காயறதுக்குள்ள திருப்புடா!"

திருப்பினான். தோளிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது.

"கலரும் சேரலயே மச்சான். செல கறுப்பு, கை வெள்ள!"

"இதுல எதுதான் எதோட சேருது? மூஞ்சி ஒரு நாடு, இடுப்பு ஒரு நாடு. சப்பாத்து மை பூசிரலாம்."

பூசினார்கள். மை வழிந்து மங்குகளில் சொட்டியது.

"ஆடுது பாரு. காயற வரைக்கும் இறுக்கிப் பிடி."

பிடித்தான். காய்ந்தது. அவன் விரல்களும் சேர்ந்தே காய்ந்தன.

"மச்சான், வெரல் வரல!"

"இழு!"

"இழுத்தா கை வந்துரும்டா!"

மின்தூக்கி திறந்தது. ஸ்டானிஸ்லாஸ், டத்தோ, பெர்னடெட், பின்னால் படம் பிடிப்பவர்கள். கல்யாண மேடை மாப்பிள்ளைபோல் சிலையின் கையைப் பிடித்தபடி நின்றான் ரோய்ஸ்டன். சுகுமாரனைக் காணோம்.

பெர்னடெட் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அங்கிள், மன்னிச்சிருங்க. கைய ஒடச்சது நான்தான். ஆனா ஒட்டிட்டேன்."

"எந்தக் கைய?" ஸ்டானிஸ்லாஸின் குரல் அடியாழத்திலிருந்து வந்தது.

அவன் வாய் திறப்பதற்குள், பக்கத்துச் சேலைக் கடையிலிருந்து புஷ்பலதா அக்கா தலையை நீட்டினாள்.

"அண்ணே, எங்க கட வாசல்ல சேல கட்டி நிக்கிற பொம்மையோட கையக் காணோம் லா. யாராச்சும் பாத்தீங்களா?"