மர்ஸூக் வளர்த்த ஜின்

வாழ்க்கையில் ஒரு பொய்யாவது உருப்படியாகச் சொல்லிவிட வேண்டும் என்று மர்ஸூக் முடிவெடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, வயிறு நிறைய நெய்ச்சோறு இருந்த நேரத்தில். பசித்த மனிதனுக்கு அவ்வளவு துணிச்சல் வராது.

விஷயம் வீடு. கற்பிட்டிக் கோட்டைக்கு அப்பால், களப்புக் கடலோரமாக ஒல்லாந்தர் காலத்து வீடொன்று பூட்டிக் கிடந்தது. அவன் மனைவி ஸும்ராவுக்கு அவளுடைய வாப்பா எழுதிக் கொடுத்த சீதன வீடு. அந்தப் பக்கத்து வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுத்த சாரத்தோடு வந்து சேருவார். ஆனாலும் பகலில் அந்த வீட்டை ஆண்டது மர்ஸூக்தான். "படகு என்ஜின் திருத்தப் போறன்" என்று புறப்பட்டு, அங்கே கூட்டாளிகள் அக்மலோடும் கெவினோடும் கரம் போட் பலகையில் காய் அடிப்பான். பெண்டாட்டி ஏவாத, மாமி கூப்பிடாத இடம் இந்தத் துனியாவில் அது ஒன்றுதான்.

அந்தச் சொர்க்கத்துக்குத்தான் ஸும்ரா வெள்ளையடிக்கப் பார்த்தாள்.

"பட்டத்தில தொங்கிக்கிட்டுக் கடல்ல ஓடுற வெள்ளக்காரங்க அறை தேடுறாங்களாம். அந்த வீட்டத் துப்பரவாக்கிக் குடுப்பமா?"

மர்ஸூக் குரலைத் தாழ்த்தினான். "அதுல ஆள் இரிக்கு."

"ஆரு?"

"ஜின். வெள்ளக் கவுன் போட்ட ஒல்லாந்துக்காரி. எண்ட கண்ணால கண்டன்."

"ஜின்னுல ஒல்லாந்துக்காரியும் இரிக்கா?"

"ஜின்னுக்கிட்ட பாஸ்போட்டா கேக்க ஏலும்?"

ஸும்ரா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அல்லா காப்பாத்தணும். அப்ப வேணாம்" என்று எழுந்து போய்விட்டாள்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஸும்ரா ஒரு வாதத்தில் தோற்றது அதுவே முதல் தடவை. புத்தியுள்ளவன் அங்கேயே பயந்திருப்பான். மர்ஸூக் பொய்க்கு உரம் போட்டான். தேத்தண்ணிக் கடையில் சொன்னான், மீன் வாடியில் சொன்னான். ஊர்க்காரர் அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்கவில்லை.

அவன் விட்ட பிழை ஒன்றுதான். ஜின் என்றால் ஓடுகிறவர்களை மட்டும் கணக்கில் எடுத்தான். கோட்டை பார்க்க வருகிறவர்களை மறந்துவிட்டான். அவர்கள் ஜின் என்றால் வேன் பிடித்து வருகிற ஆட்கள்.

ஒரு நாள் கோட்டைச் சந்தியில் வேனொன்று நின்றது. "நானா, பேய் வீடு எந்தப் பக்கம்?" என்று அண்ணன் முறை வைத்துச் சாரதி கேட்டான். மர்ஸூக்குக்குப் பெருமை தாங்கவில்லை. தானே வழிகாட்டினான். கொஞ்ச நேரத்தில் வேன் திரும்பி வந்தது. உள்ளேயிருந்தவர்கள் முகமெல்லாம் வெளிறிப் போயிருந்தது.

"சொன்னது மெய்தான் நானா! உள்ளுக்கு டக் டக்கெண்டு சத்தம். ஒரு பொம்பள சிரிக்கிறா!"

மர்ஸூக் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். கவுன் அவன் வாயால் தைத்தது. சிரிப்பை யார் வைத்தது? அக்மல் கடலில். கெவின் சிலாபத்தில், கலியாண வீட்டில். தானோ இங்கே நடுச் சந்தியில். அப்படியானால் கரம் அடிப்பது யார்?

பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனால் ஸும்ரா ஒரு போத்தலை நீட்டினாள்.

"பள்ளிவாசல் லெவ்வை ஓதித் தந்த தண்ணி. வீட்டு ஆம்பிள கையாலதான் நாலு மூலைக்கும் தெளிக்கணுமாம். நான் மதுரங்குளிக்கு ராத்தா வீட்ட போறன். நீங்க அஸர் தொழுகைக்கு முதல் தெளிச்சிட்டு வாங்க."

"தனியவா?"

"கண்டது நீங்கதானே. பழகின ஆளுக்கு ஒண்டும் செய்யாது."

மறுக்க வழியில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் கரம் போட் வெளியே வரும். போனான். கதவைத் திறந்தான். முதல் மூலையில் தெளித்தான்.

டக்.

இல்லாததை இருக்கிறது என்றேனே, அது நிசமாகவே இருந்து கேட்டுக்கொண்டிருந்ததா? தான் பெற்ற பொய்க்குத் தானே ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினான். உள் அறைக் கதவில் வெள்ளைக் கவுன் ஒன்று அசைந்தது. சிரித்தது.

"உம்மாஆ!"

போத்தல் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் பாய்ந்தான் மர்ஸூக். வேலிக்கு வெளியே ஒரு வேன் நிறைய ஆட்கள், கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி. எல்லோரும் கைதட்டினார்கள்.

அவன் பின்னாலேயே ஸும்ரா வந்தாள், வீட்டில் போடும் வெள்ளைக் கவுனோடு. அவளுக்குப் பின்னால் அவளுடைய அக்கா, நிஸ்மியா ராத்தா, கையில் கரம் காயோடு.

"நீ... மதுரங்குளிக்குப் போறதெண்டு..."

"ராத்தா இஞ்ச வந்துட்டாவே."

"சாவி என்னட்டத்தானே இரிக்கு?"

"வீடு எண்ட பேர்ல இரிக்கு. சாவி மட்டும் ஒங்கட பேர்லயா? நீங்க ஜின்னெண்டு சொன்ன அண்டைக்கே வந்து பாத்தன். போட்ல பூசின பவுடர் கூட அழியல்ல."

ஜின் இல்லை என்ற நிம்மதியும், பெண்டாட்டி இருக்கிறாள் என்ற பயமும் மர்ஸூக்கின் நெஞ்சில் முட்டிக்கொண்டன. எது பெரிது என்று அவனுக்கே விளங்கவில்லை. ஆனாலும் போனது போகட்டும், போட் மிஞ்சட்டும் என்று மெல்லக் கேட்டான்.

"அப்ப இனி நாங்க இஞ்ச விளையாட ஏலாதா, புள்ள?"

"விளையாட நேரமெங்க? நாளைக்கு ரெண்டு வேன் வருது, காசும் கட்டிட்டாங்க" என்றாள் ஸும்ரா. "இண்டைக்கு ஓடின மாதிரியே ஓடுங்க. சாரத்த மட்டும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டு வாங்க, குடும்பத்தோட வாறாங்க."