முன்னூறு பக்கத்துக்கு ஒரு முதுகு

தலைப்பு தலைகீழாக இருக்கிறதாம். ஓய்வு பெற்ற அதிகாரி காலையிலேயே அச்சகத்துக்கு வந்து, தன் சுயசரிதையின் மாதிரி அட்டையை மேஜைமேல் படுக்க வைத்துக் காட்டினார். புத்தகத்தின் முதுகில், அலமாரியில் நிற்கும்போது வெளியே தெரிகிற அந்த ஒல்லிப் பட்டையில், ‘நானும் என் கோப்புகளும்’ என்ற தலைப்பு கீழிருந்து மேலாக ஓடியது.

“படுக்க வெச்சா தலைகீழா தெரியுது பாருங்க தம்பி.”

அட்டை வடிவமைப்பவன் பார்த்தான். அச்சகத்தில் அவனுக்குப் ‘பொறுமை’ என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் யாரும் அவன் வீட்டுக்கு வந்து பார்த்ததில்லை. ஆனால் இந்த முறை பொறுமை நிஜமாகவே தேவைப்பட்டது. இந்தப் புத்தகம் அச்சுக்கு ஏறுகிற அன்றைக்கு ஒரு வாரம் லீவு என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து கடலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு அலுத்த மனைவி, அதை நம்பிப் பெட்டியே கட்டிவிட்டாள். நல்ல சட்டைகளெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டதால் அவன் ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

உள்பக்கங்கள் தன் பொறுப்பு, முன்னூறு பக்கம் வரும், அட்டையை மட்டும் முடியுங்கள் என்பது அதிகாரியின் ஏற்பாடு. அந்தத் தடிமனுக்கு அளந்துதான் முதுகு போட்டிருந்தான். இப்போது தலைப்பைத் திருப்பினான். கணினி தன் இஷ்டத்துக்குச் சுழற்றியதில் அதிகாரியின் பெயர் மட்டும் முன்னட்டைக்கு ஓடிப்போய் அவர் படத்தின் நெற்றியில் உட்கார்ந்தது. அதைப் பிடித்து இழுத்து வந்து உரிய இடத்தில் நிறுத்துவதற்குள் மதியமாகிவிட்டது.

மறுநாள் அதிகாரி மறுபடி வந்தார். வீட்டு அலமாரியில் மற்ற புத்தகங்களெல்லாம் கீழிருந்து மேலாகப் போகின்றனவாம், இவருடையது மட்டும் எதிர்த்திசையில் இறங்குகிறதாம். கழுத்தை வலமும் இடமும் சாய்த்துச் சாய்த்து அவருக்குச் சுளுக்கே பிடித்துவிட்டதாம். ஆகவே சாய்க்கவே வேண்டாம், எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க வைத்துவிடுங்கள் என்றார்.

நிற்க வைத்தான். ‘கோ’வின் கொம்பு ஒரு வரியில், ‘க’ அடுத்த வரியில், கால் அதற்கும் கீழே என்று கணினி அதைக் கூறுபோட்டு அடுக்கியது. ஒவ்வொரு எழுத்தாகக் கையால் ஒட்டவைத்தான். முதுகு முழுவதையும் தலைப்பே அடைத்துக்கொள்ள, அதிகாரியின் பெயருக்கு எறும்பு நிற்கிற இடம்தான் மிஞ்சியது.

அதிகாரிக்கு முகம் சுருங்கியது. “பேர் பெருசா தெரியணும் தம்பி. பக்கத்துல இன்னொரு வரியா போடுங்க.”

அதற்கு முதுகு அகலம் போதாது, தடிமன் முன்னூறு பக்கத்துக்குத்தானே என்றான். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“அதுக்கென்ன, நானூறு பக்கமா வெச்சுக்கலாம்.”

இவ்வளவு தாராளமான எழுத்தாளரை அவன் கண்டதே இல்லை. சந்தோஷமாக முதுகை அகலமாக்கினான். அது முன்னட்டைக்குள் புகுந்து, படத்திலிருந்த அதிகாரியின் ஒரு காதை மடிப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனது. காதில்லாத தன் முகத்தைப் பார்த்த அதிகாரி தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முதலாளி பேசினார். நிறையவே பேசினார். வீட்டில் மனைவி, பெட்டியைப் பிரித்துவிடட்டுமா என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கு முதலாளியின் ஏச்சே தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

கடைசியில் வெறுத்துப்போய், எதையும் திருத்தாமல் முதன்முதலில் கொடுத்த அதே அட்டையை மறுபடி அச்சிட்டுக் கொடுத்தான். அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்தார், நிறுத்திப் பார்த்தார், மார்போடு அணைத்துப் பார்த்தார்.

“இதைத்தானே தம்பி நான் ஆரம்பத்திலேருந்து சொல்லிட்டிருக்கேன்.”

அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. அட்டையோடு அவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார் என்று கணக்குப் போட்டு, உள்பக்கங்களை வாங்கிவிட்டால் இன்றே அச்சுக்கு ஏற்றிவிடலாம் என்று ஆசையாகத் தொலைபேசியில் கூப்பிட்டான். அதிகாரியின் மனைவி எடுத்தார்.

“அம்மா, முன்னூறு பக்கத்தையும் இப்பவே அனுப்பச் சொல்றீங்களா? இன்னைக்கே அச்சுக்குப் போயிரும்.”

அந்த அம்மாவின் குரலில் நன்றி பொங்கியது.

“நீங்க நல்லா இருக்கணும் தம்பி. முதுகு மனசுக்குப் பிடிச்சாத்தான் பேனாவையே தொடுவேன்னு இத்தனை நாளா பிடிவாதமா இருந்தாரு. இப்பத்தான் முதல் வரி எழுத உக்காந்திருக்காரு.”