குகையாண்டியின் பதினோரு விநாடி

ஒரு மிருகத்திடம் நான் நாற்பத்தேழு முறை செத்திருக்கிறேன். நாற்பத்தெட்டாவது முறை நான் சாகவில்லை. என் மாமனாரின் ராகிக் காடு செத்தது. இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. வெட்கம் இருந்த இடத்தை அவர் ஊரான ஜவளகிரிக்காரர்கள் ஆறு வருடமாகக் கிண்டலடித்தே தேய்த்துவிட்டார்கள்.

அது செல்போன் விளையாட்டில் வருகிற மிருகம். நமக்கென்று ஒரு வீரனை உருவாக்கி, அவனுக்குக் கத்தி வாங்கிக் கொடுத்து, காடு காடாக நடத்திக்கொண்டு போகிற விளையாட்டு. மூன்றாவது காட்டின் முடிவில் ஒரு குகை. அதன் வாசலில் எருமை உடம்பும் பல்லி வாலும் ஆறு கண்களுமாக அது படுத்திருக்கும். திரையில் அதற்கு ஒரு ஆங்கிலப் பெயர் போட்டிருந்தது. ஓசூரில் ஒரே அறையில் தங்கியிருந்த நாங்கள் ஐந்து பேரும் முட்டி மோதியும் அந்தப் பெயரை வாயில் நுழைக்க முடியவில்லை. குகையாண்டி என்று நாங்களே வைத்துக்கொண்டோம். சண்டைக்கு முன்னால் குகையாண்டி தலையைத் தூக்கிப் பதினோரு விநாடி கத்தும். அந்தச் சத்தத்துக்கே பாதி உயிர் போய்விடும். மீதி உயிரை அது வாலால் அடித்து எடுத்துக்கொள்ளும்.

கல்யாணமாகிற வயதில் ஒருவன் ஏன் இப்படி உட்கார்ந்து செத்துக்கொண்டிருந்தான் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. எங்கள் தொழிற்சாலையில் நிரந்தரத் தொழிலாளிக்கு நீலத் தொப்பி, ஒப்பந்தத் தொழிலாளிக்கு மஞ்சள் தொப்பி. "ஏய் மஞ்சள்" என்று யாராவது கூப்பிட்டால் லைனில் பதினேழு பேர் திரும்பிப் பார்ப்போம். என் சொந்தப் பெயர் எனக்கே மறந்துவிடும் போலிருந்தது. விளையாட்டில் மட்டும் என் பெயர் ஏரித்தளபதி. (பாரூர் ஏரிக்கரையில் பிறந்தவன். அந்த ஏரியில் எனக்கு நீந்தக்கூடத் தெரியாது என்பது வேறு விஷயம்.) ஊர்க்காரர்கள் வாசலுக்கு வந்து, "தளபதி, எங்களைக் காப்பாற்று" என்று திரையில் கெஞ்சுவார்கள். நிஜத்தில் என்னிடம் அதிகபட்சம் யாராவது பேனா கேட்டிருக்கிறார்கள், அதையும் திருப்பித் தரவில்லை.

அதே லைனில் சோதனைப் பிரிவில் இருந்தவள் மஞ்சுளா. ஒருவரையொருவர் பிடித்துப்போய் கோயிலில் தாலி கட்டிக்கொண்டோம். அவள் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. எட்டு மாதம் கழித்து, "சரி, ஒரு தடவை வந்துட்டுப் போவட்டும்" என்று தகவல் வந்தது. தேன்கனிக்கோட்டை வழியாக பஸ் மாறி மாறி ஜவளகிரி போய் இறங்கினோம்.

மாமனார் முனிராஜப்பா வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வீட்டில் தங்களுக்குள் கன்னடம், என்னிடம் தமிழ். அவர் என்னைக் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஏம்ப்பா, நீலத் தொப்பியா, மஞ்சத் தொப்பியா?"

ஊரில் பாதிப் பேர் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். தொப்பி விவரம் அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

"சீக்கிரம் நீலம் ஆயிடும் மாமா," என்றேன். (இதை எழுதுகிற இன்று வரை மஞ்சள்தான்.)

'மாப்பிள்ளை' என்ற சொல் அந்த வீட்டில் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. "ஏம்ப்பா" என்றார் மாமனார். அத்தை அதுவும் சொல்லாமல் தட்டை மட்டும் என் பக்கம் நகர்த்தினார். தட்டில் களி. இரண்டு வேளையும் களி தின்கிற வீடு அது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் ராகி முற்றித் தலை சாய்ந்து நின்றது. வருடம் முழுவதும் அந்த வீட்டுக்குச் சோறு அதுதான். மறுநாள் காலையில் அறுப்பதற்கு ஆள் சொல்லியிருந்தார்கள். ராகிக் காட்டின் மறுகரையில் யானை வராமலிருக்க வெட்டிய ஒரு அகழி. அகழிக்கு அப்பால் நிஜமான காடு.

மத்தியானம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. கர்நாடகப் பக்கமிருந்து யானைக் கூட்டம் எல்லை தாண்டியிருக்கிறது, கவனம். மாமனார் எழுந்து போய் ஒரு தகர டின்னையும் நான்கைந்து பட்டாசையும் எடுத்து வந்து வெயிலில் வைத்தார். பட்டாசு நமுத்துப் போயிருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிக் காயவைத்ததைப் பார்த்தபோது எனக்குள் ஏரித்தளபதி எழுந்து உட்கார்ந்தான். இத்தனை காலம் திரையில் கெஞ்சிய ஊர்க்காரர்கள் கடைசியில் நேரிலேயே வந்துவிட்டார்கள் என்று அந்த முட்டாளுக்குத் தோன்றியது.

"மாமா, டின்னு தட்டுனா யானை பயப்படுமா? அதுக்குப் பழகிப்போயிருக்கும். அதைவிடப் பெரிய மிருகம் இங்க இருக்குதுன்னு அதுக்குத் தெரியணும்," என்றேன்.

பாரூர்க்காரனுக்கு யானையைப் பற்றி என்ன தெரியும்? கோயிலில் காசு வாங்கிக்கொண்டு தலையைத் தொடும் என்பது வரை தெரியும். ஆனால் நான் பேசிய தோரணையில் அத்தைகூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

மாரியம்மன் கோயில் மைக்செட்டைக் கேட்டு வாங்கி வந்தேன். குழாய் ஸ்பீக்கரை ராகிக் காட்டின் நடுவில் இருந்த புளியமரத்தில் கட்டினேன். ஆம்ப்ளிபயரை மரத்தடியில் வைத்து என் போனைச் செருகினேன். குகையாண்டியின் கத்தலை மட்டும் தனியாக வெட்டி, திரும்பத் திரும்ப ஒலிக்கிற மாதிரி ஏற்கெனவே வைத்திருந்தேன். (ஷிஃப்ட் முடிந்து தூங்குகிற அறைத் தோழர்களை எழுப்புவதற்கு.) நான்கு மணிக்கு ஒரே ஒரு தடவை ஒலிக்கவிட்டுச் சோதித்தேன். தெருநாய்கள் வாலை இடுக்கிக்கொண்டு ஓடின. கோழிகள் கூரை ஏறின. பக்கத்து வீட்டுப் பசு முளைக்குச்சியோடு கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஊருக்குள் பாய்ந்தது. அதைப் பிடிக்க நான்கு பேர் ஓடினார்கள்.

மாமனார் முதல் தடவையாகச் சிரித்தார். "பரவால்லயே மாப்பிள்ளை," என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக நான் அன்று மலையைக்கூட வெட்டியிருப்பேன். அத்தை எனக்கென்று தனியாகக் காபி போட்டுக் கொடுத்தார், அதுவும் டம்ளரைக் கையில் கொடுத்தார். மஞ்சுளா மட்டும் முகத்தைச் சுளித்தாள்.

"ஏங்க, அந்தச் சத்தம் கடைசியில யாரோ அழுவுற மாதிரி வருதே," என்றாள்.

"அது கர்ஜனை. உனக்குப் பழக்கமில்ல," என்றேன். நாற்பத்தேழு முறை செத்தவனுக்கு இல்லாத அனுபவமா?

வெயில் இறங்குகிற நேரத்தில் மாதையன் வந்தார். வனத்துறையில் தற்காலிக வாட்சர். யானை எந்தப் பக்கம் போகிறது என்று பின்னாலேயே நடந்து ஊர் ஊராகச் சொல்கிற வேலை. அவர் சொன்னது இதுதான்:

"கூட்டம் அகழிக்கு அந்தாண்ட ஓரமாவே தளி பக்கம் போவுது. இந்தப் பக்கம் திரும்பவே இல்ல. டின்னு தட்டாதீங்க, வெடி போடாதீங்க, லைட்டடிக்காதீங்க. அதும்பாட்டுக்குப் போயிரும்."

அந்தக் காட்டோர ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் இது. போகிற யானையைப் போக விட வேண்டும். மாமனார் பெருமூச்சு விட்டார். பட்டாசை எடுத்து உள்ளே வைத்தார். "நல்லதாப் போச்சி, நாளைக்கு அறுத்துரலாம்," என்று மாதையனை டீ குடிக்க வாசலுக்குக் கூட்டிப் போனார். எல்லாருக்கும் நிம்மதி.

எனக்கு மட்டும் இல்லை. யானை தானாகவே போய்விட்டால் என் ஸ்பீக்கர் எதற்கு? விடிந்தால் நான் மறுபடியும் 'ஏம்ப்பா' ஆகிவிடுவேன். இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இதுவரை மஞ்சுளாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். நான் யானையை விரட்ட நினைக்கவில்லை. எப்படியும் போகப்போகிற யானையை விரட்டியது நான்தான் என்று பெயர் வாங்க நினைத்தேன். அவ்வளவு கேவலமான ஆசை அது. யாரிடமும் சொல்லாமல் புளியமரத்தடிக்குப் போய்ப் போனை அழுத்தினேன்.

குகையாண்டி கத்தியது. பதினோரு விநாடி. மறுபடியும் பதினோரு விநாடி. அகழிக்கு அப்பால் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த மூங்கில் ஒடிகிற சத்தம் சட்டென்று நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அதே மூங்கில் ஒடிகிற சத்தம் மறுபடியும் கேட்டது, இந்தத் தடவை கிட்டத்தில். அகழிக்கரை மண்ணைச் சரித்துக்கொண்டு முதல் யானை மேலே ஏறியது. பின்னால் இன்னொன்று. ஏழு வரைக்கும் எண்ணினேன். எட்டாவதை எண்ண நான் அங்கே இல்லை. ஒரு செருப்போடு மொட்டைமாடியில் இருந்தேன்.

போனை நிறுத்தாமல் வந்துவிட்டேன் என்று மேலே வந்த பிறகுதான் தெரிந்தது. சத்தம் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. மாதையன் டீ டம்ளரோடு மாடிக்கு ஓடி வந்தார். அவர் பின்னாலேயே வீட்டில் எல்லாரும் வந்தார்கள்.

"யாருய்யா அது, குட்டிய அழ வெக்கிறது?" என்றார் மாதையன்.

"குட்டி இல்லண்ணே, அது வந்து... ஒரு மிருகம். போன்ல வர்றது," என்றேன்.

"என்ன மிருகமோ. முன்னால உறுமுறது என்னான்னு எனக்குத் தெரியாது. கடைசியில வருது பாரு, அது யானைக் குட்டி. தாயை விட்டுட்டு மாட்டிக்கிட்டாக் கத்துற கத்தல். பதினஞ்சு வருசமா நான் கேக்கறேன். அதுங்களுக்குத் தெரியாதா?"

மாமனார் என்னைப் பார்க்கவில்லை. காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். யானைகள் புளியமரத்தைச் சுற்றி நின்றன. பெரியது ஒன்று தும்பிக்கையை நீட்டிக் குழாய் ஸ்பீக்கரின் வாய்க்குள் மெதுவாகத் தடவியது. அடுத்த பதினோரு விநாடி வந்ததும் எல்லாமே சேர்ந்து பிளிறின. அப்புறம் அந்தப் பெரியது ஸ்பீக்கரைக் கிளையோடு பிடுங்கிக் கீழே வைத்தது. எறியவில்லை, வைத்தது. இன்னொன்றின் கால் பட்டு ஆம்ப்ளிபயரும் என் போனும் நசுங்கிச் சத்தம் நின்றது.

சத்தம் நின்றதுதான் வினையாகப் போயிற்று. குட்டியின் குரல் நின்றுவிட்டதே என்று அவை தேட ஆரம்பித்தன. இரண்டு ஏக்கர் ராகியையும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை தும்பிக்கையால் விலக்கி விலக்கித் தேடின. மிதிக்காத இடம் ஒரு பாய் விரிக்கிற அளவுகூட இல்லை. ஒரு கதிரைக்கூட அவை வாயில் வைக்கவில்லை. நன்றாக இருட்டிய பிறகுதான் வந்த வழியே போயின.

காலையில் அறுப்புக்கு ஆட்கள் அரிவாளோடு வந்தார்கள். காட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். மாமனார் மண்ணோடு அப்பிக் கிடந்த ஒரு கதிரை எடுத்துக் கையில் கசக்கினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"தின்னுட்டுப் போயிருந்தாலாச்சும் அதுங்க வயிறு ரொம்பியிருக்கும்," என்று மட்டும் சொன்னார்.

மாதையன் சேத விவரம் எழுத ஒரு படிவம் கொண்டு வந்தார். பாதி வரை எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்தார். "முனிராஜண்ணே, சேதத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்குது. யானைன்னு எழுதுறதா, மருமகன்னு எழுதுறதா?"

முதலில் அத்தைதான் சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அதற்கப்புறம் அது ஊர்ச் சொத்தாகிவிட்டது. ஜவளகிரியில் எது கெட்டாலும், பால் திரிந்தாலும் மோட்டார் எரிந்தாலும், "காரணம் யானையா, மருமகனா?" என்றுதான் இன்றைக்கும் கேட்கிறார்கள். அந்த வருடம் முழுக்க அந்த வீட்டில் ரேஷன் அரிசிச் சோறுதான். நான் போனபோதெல்லாம் மாமனார் சோற்றைப் பிசையாமல் வெறுமனே கிளறிக்கொண்டிருப்பார். களி தின்று பழகிய கை அது. அதைப் பார்த்துக்கொண்டு என் தட்டை நான் காலி செய்ய வேண்டும்.

பிறகு வேறு போன் வாங்கினேன். அந்த விளையாட்டை ஒரே ஒரு முறை திறந்தேன். குகை வாசலில் நின்றேன். உறுமல் முடிந்து கடைசி நான்கு விநாடி வந்தது. எங்கேயோ ஒரு குட்டியைக் கத்தவிட்டுப் பதிவு செய்துகொண்டு வந்து ஆறு கண் வரைந்து எதிரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நானும் கத்தியைத் தூக்கிக்கொண்டு நாற்பத்தேழு முறை அதை வெட்டப் போயிருக்கிறேன். விளையாட்டை அழித்துவிட்டேன்.

போன மாதம் ஜவளகிரியில் என் மகளுக்குக் காது குத்தினார்கள். சாயங்கால முகூர்த்தம். மஞ்சுளாவின் பெரியப்பா மகன் மடியில் உட்கார்ந்திருந்தவள், ஊசி பட்டதும் ஊரே கேட்கும்படி வீறிட்டாள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அகழிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"மாப்பிள்ளை, மைக்க ஆஃப் பண்ணுங்க," என்றார் மாமனார். இப்போதெல்லாம் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார், இந்த மாதிரிக் கிண்டலடிப்பதற்காகவே.

நானும் சிரித்தேன். மஞ்சுளா சிரிக்கவில்லை. பந்தலின் மறுகோடியிலிருந்து ஆட்களை விலக்கிக்கொண்டு அவள் குழந்தையிடம் ஓடி வந்துகொண்டிருந்தாள்.